கரியர் இல்லாத சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போனால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நிறத்தையா, டயரையா, கியரையா? நான் சீட்டைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்த்தேன்.

சிரிக்க வேண்டாம். அந்த வருடங்களில் கொழும்பில் சைக்கிள் வைத்திருந்த தமிழ் ஆட்களுக்கு இது விளங்கும். செக்பொயின்டில் மறித்தால் முதலில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். பிறகு கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சைக்கிளைப் பார்ப்பார்கள். சைக்கிளில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குழாய் இருக்கிறது. சீட்டைக் கழற்றினால், குண்டு ஒளித்திருக்கிறதா என்று குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கலாம். நட் போட்டு முறுக்கிய சீட் என்றால் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தால், அது எதற்கு என்று புதிதாக ஒரு கேள்வி வரும்.

இப்போது நான் கட்டாரில் ஒரு கிடங்கில் காவல் வேலை செய்கிறேன். என் அறையில் இருக்கும் நேபாளக்காரன் போன கிழமை ஒரு பழைய மவுண்டன் சைக்கிள் வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். எல்லோரும் கியரைத் தட்டிப் பார்த்தார்கள். என் கை தானாகச் சீட்டுக்குக் கீழே போய் லீவரைத் தேடியது. அவனுக்கு என் பாஷை தெரியாது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. நான் மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷனில், அதாவது காசு கொடுத்துப் போன் பேசும் கடையில், வேலைக்கு இருந்தேன். கடைக்காரி ஸமீமா. அவரை எல்லோரும் 'தாத்தா' என்று கூப்பிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் தாத்தா என்றால் கிழவர். கொழும்பு முஸ்லிம் ஆட்களுக்கு அக்காதான் தாத்தா. முதல் கிழமை எனக்குக் கூப்பிடவே வாய் வரவில்லை. பிறகு பழகிவிட்டது.

அப்போது வெள்ளவத்தை லொட்ஜுகளும் வாடகை அறைகளும் யாழ்ப்பாணத்து ஆட்களால் நிறைந்து கிடந்தன. யாரிடமும் போன் இல்லை. வெளிநாட்டிலிருந்து மகனோ புருஷனோ எங்கள் கடைக்குப் போன் எடுப்பார்கள். 'இன்ன லேன், இன்ன இலக்கம், இன்ன ஆளைக் கூப்பிட்டு விடுங்கோ, திரும்ப எடுக்கிறன்' என்பார்கள். நான் ஓடவேண்டும். ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஓடிவர வேண்டும். கிழவிகளைக் கூட்டிவரும்போது ஓடவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதியைக் கடப்போம். வழியெல்லாம் பேரப்பிள்ளைகளின் கதை சொல்லுவார்கள். எனக்கு ரொறொன்டோவில் எந்தத் தெருவில் எந்த மகன் என்பது வரை தெரியும்.

முன்கூட்டியே வந்து கடையில் காத்திருக்கலாமே என்றால், அதுவும் சரிவராது. நாலு தமிழ் ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் பொலிஸ் வந்து என்ன கூட்டம் என்று கேட்கும்.

அப்படி நான் கூப்பிடப் போகும் ஆட்களில் பாக்கியலெட்சுமி அக்காவின் இடம்தான் தூரம். ஹெவ்லொக் டவுனில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் சமைத்துக்கொடுத்து, பின்னறையில் இருந்தார். அவருடைய கணவர் நாகேந்திரம் ஜெர்மனிக்குப் போவதற்காக உக்ரேன் வரை போய், அங்கே ஏஜன்ட் அடைத்து வைத்த வீடொன்றில் மாதக்கணக்காக இருந்தார். அவருக்கு இங்கிருந்து எடுக்க நம்பர் கிடையாது. தெருவிலிருக்கும் பூத்துக்கு ஒவ்வொருவராகத்தான் வெளியே விடுவார்களாம். அவர் எடுத்தால்தான் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எடுத்தார். நான் ஓடினேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு வியர்த்து வடிய வந்து சேர்ந்தபோது, அவருடைய போன் வந்து முடிந்திருந்தது. தாத்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அவரு திரும்ப எடுத்த. நிக்க ஏலாதாம், பின்னால ஆள் நிக்கிதாம். ஒரு விசயம் சொல்லச் சொன்ன."

அக்கா வாசலிலேயே நின்றார். "என்னவாம்?"

"இந்தக் கெழமைக்குள்ள லொறியொண்டு போகுதாம். சாமான் பெட்டிக்குப் பின்னால ஆக்களை வெச்சுக் கொண்டு போறாம். அவருக்கு மனசில்ல. ஏறுறதா, திரும்பி வாறதா எண்டு உங்களிட்டக் கேக்கோணுமாம். போகமுந்தி ஒருக்கா எடுப்பாராம். நீங்க கெடைக்காட்டி... ஏறிருவாராம்."

அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. லொறிக்குள் மூச்சுத் திணறிப்போன ஆட்களின் கதை அந்த நாளில் வெள்ளவத்தையில் எல்லா வீட்டிலும் இருந்தது.

"ஏறவேண்டாம் எண்டு நான் சொல்லிவுடட்டா?" என்று தாத்தா கேட்டார்.

"நீங்கள் சொன்னா நம்பமாட்டார், அக்கா. நான் வீட்டையும் காணியையும் ஈடு வைச்சு அனுப்பினனான். நான் கோவத்திலதான் கதைக்க வரேல்லை எண்டு நினைப்பார். என்ர வாயால கேட்டாத்தான் திரும்புவார்."

அவர் போனபிறகு தாத்தா என்னைப் பார்த்தார். "மகன், நீங்க சைக்கிள் வாங்கச் சேத்து வெச்ச சல்லி இரிக்கி தானே?"

இருந்தது. இரண்டு தீபாவளிக்குச் சட்டை எடுக்காமல் சேர்த்தது.

"அப்ப நாளைக்குக் கடைக்கு வரவேணாம். போய் வாங்குங்கொ."

கொட்டாஞ்சேனையில் நோபேட் என்றொருவர் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தார். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, துறைமுகச் சாமான் கிடங்குகளுக்கு நடுவில் ஒரு சந்து. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சைக்கிள்களை எடுத்துத் துடைத்துக் கிறீஸ் பூசி விற்பார். ஐம்பது வயதிருக்கும், வெறும் மேலில் சிலுவை தொங்கும்.

"என்ன மல்லி, எந்த மாதிரி?" சிங்களத்தில் தம்பியை மல்லி என்பார்கள்.

"மவுண்டன் பைக்குங்க. கொறஞ்ச வெலையில."

"ஊர் எங்க?"

"மஸ்கெலியாங்க."

"அட, மலைக்காரன். உங்க ஊர்ல சைக்கிள் ஓடுறாங்களா?"

"இல்லைங்க. ஏறையில தள்ளணும், எறங்கையில சாவணும். யாரு ஓடுவா?"

நோபேட் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்ப மலையில மலைச் சைக்கிள் இல்ல, ஒரு மேடும் இல்லாத கொழும்புல வந்து கேக்குற. சரி, வா."

நான் மவுண்டன் சைக்கிள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. காலி வீதியில் பொடியன்கள் அதில் போவதைப் பார்த்திருக்கிறேன். தடித்த டயர், நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கும். லேன்களுக்குள் குழியும் கல்லும்தான். எல்லாவற்றையும்விட, அதில் பை தொங்காது, பெட்டி கட்ட முடியாது. செக்பொயின்டில் அவிழ்த்துக் காட்ட ஒன்றும் இருக்காது. இதெல்லாம் சரியான காரணங்கள்தான். அதோடு, எனக்கு வயது இருபத்திரண்டு.

நோபேட் மூன்று சைக்கிள்களை வெளியே இழுத்து நிறுத்தினார். முதலாவது புத்தம் புதியது. சிவப்பும் மஞ்சளும், முன்னால் இரண்டு பக்கமும் ஸ்ப்ரிங் வைத்தது. நான் ஹாண்டிலைப் பிடித்து அமத்தினேன். இறங்கியது. மேலே வரவில்லை.

"வரும், வரும்," என்றார் நோபேட். "பொறு."

நாங்கள் இரண்டு பேரும் பொறுத்தோம். பிறகு அவரே கையால் தூக்கிவிட்டார்.

"உண்மையச் சொல்றேன் மச்சான். இந்த வெலைக்கு ஸ்ப்ரிங்கும் நல்லதா, பிரேக்கும் நல்லதா எவனும் தரமாட்டான். ஸ்ப்ரிங்கைப் பாத்து மயங்குறவன் சுவருல போய்த்தான் நிப்பான்."

இரண்டாவது கறுப்பு நிறத்தில் பெரிய சைக்கிள். அரிசிக் கடைக்காரர்கள் ஓடுவது. பின்னால் அகலமான கரியர். "இது மவுண்டன் இல்லதான். ஆனா உன்னையும் உன் மாமனாரையும் சேர்த்துத் தாங்கும்," என்றார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மூன்றாவது பச்சை நிறம், அங்கங்கே கீறல். பாரில் ஜப்பான் எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, அநேகமாக ஒரு பள்ளிக்கூடத்தின் பேராக இருக்கும். ஸ்ப்ரிங் இல்லை. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஆறு. ஒரு கையால் தூக்கினேன், வந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஆடாமல் சுற்றியது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே தள்ளினேன். பின்சக்கரம் எழும்பியதே தவிர, முன்சக்கரம் உருளவில்லை.

"அண்ணே, மூணுலயும் சீட்டைக் கழட்டிக் காட்டுங்க."

"சீட்டையா? நீ சீட்டைத்தான் கல்யாணம் கட்டப்போறியா?"

"செக்பொயின்டுக்குங்க."

நோபேட்டின் சிரிப்பு நின்றது. ஸ்பேனரை எடுத்தார். புதியதிலும் கறுப்பிலும் நட்டைத் திருகி, சீட்டை ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியிருந்தது. பச்சையில் சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன லீவர். அதை விரலால் திறந்தார். சீட் கையோடு வந்தது.

"எனக்கே இது தோணல," என்றார். "பேரு நோபேட், கழுத்துல சிலுவை. என்னையும்தான் மறிச்சு வெச்சிருக்கான், போன மாசம் மழையில. இதையே கொண்டு போ. நான் கேக்குற சல்லியில கொஞ்சம் கொறச்சுக்கோ."

அன்றைக்கு நான் கொச்சிக்கடையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓடிவந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் காற்று வருகிறது. காலி முகத்திடலில் கடல் காற்று எதிர்த்து அடித்தது. ஆறு கியரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், எது எதற்கு என்று தெரியாமலே. வழியில் மறித்த இடங்களில் ஆமிக்காரன் 'சீட் எக்க' என்று வாய் திறக்கும்போதே நான் லீவரைத் திறந்து சீட்டை நீட்டினேன். ஒருவன் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, சிரித்துவிட்டுத் தந்தான்.

தாத்தா கடை வாசலில் நின்று சைக்கிளைச் சுற்றி வந்தார்.

"மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி. எத்தின கியர்?"

"ஆறுங்க தாத்தா."

"ம்ம். மகன்..." பின்சக்கரத்துக்கு மேலே வெறும் காற்றைக் கையால் தடவினார். "ஆளை எங்க வெக்கிற?"

நான் பின்னால் பார்த்தேன். பிறகு பாரைப் பார்த்தேன். அது சீட்டுப் பக்கம் சரிந்து கிடந்தது. அதில் யாரை வைத்தாலும் வழுக்கி என் மடியில்தான் வந்து விழுவார்கள். தினமும் ஆட்களைக் கூட்டிவருவதுதான் என் வேலை. சீட்டைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன். ஆளை ஏற்ற இடமிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

தாத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிய, "சரி, போறதுக்காவது ஓட்டம் மிச்சம். வாறதுக்கு த்ரீவீல் பிடிங்கொ. சல்லி நான் தாரன்," என்றார். அடுத்த நாள் இரும்புக்கடையில் கரியர் கேட்டேன். பூட்டுவதற்கு ஓட்டை இல்லையாம் இந்தச் சைக்கிளில்.

வெள்ளிக்கிழமை பகல் போன் அடித்தது. தாத்தா எடுத்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்தக் கையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருவது நிமிசத்தால எடுப்பாராம். அதுக்குப் பொறகு லொறிக்குப் போறாராம். ஓடுங்கொ, மகன்!"

ஹெவ்லொக் டவுனுக்கு நான் அப்படி ஒருநாளும் போனதில்லை. வழியில் செக்பொயின்டில் என்னைத் தெரிந்த ஆமிக்காரன்தான் நின்றான், போகவிட்டான். அக்கா பின்பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைப் போட்டார்.

"இவரோ?"

"ஆமாங்கக்கா. ஓடியாங்க, த்ரீவீல் புடிப்போம்."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அடையாள அட்டை இருந்த சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வந்தார். சந்திக்கு வந்தால் ஒன்றும் ஓடவில்லை. யாரோ பெரிய ஆள் போகிறாராம், ரோட்டை மூடிவிட்டார்கள். பஸ், கார், த்ரீவீல் எல்லாம் வரிசையாக நின்றன. சாரதிகள் இறங்கி நின்று சிகரெட் குடித்தார்கள்.

"நடந்து போனா கிடைக்காதுங்க," என்றேன். "இதுல ஏத்தவும் எடமில்லைங்கக்கா."

அவர் சைக்கிளைப் பார்த்தார்.

"என்னை ஏத்தச் சொல்லி ஆர் கேட்டது? இஞ்ச விடுங்கோ."

"அக்கா, இது ஆம்பள சைக்கிளுங்க. கியர் வேற..."

"தம்பி, யாழ்ப்பாணத்தில பெற்றோல் இல்லாத காலம் முழுக்க எங்கட வீட்டு பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம் நான்தான். இவருக்குக் காய்ச்சல் வந்தா இவரையும் பின்னால வைச்சு மிதிச்சனான். பிரேக் எந்தப் பக்கம்? சீற்றைக் கொஞ்சம் பதிச்சு விடுங்கோ."

நான் லீவரைத் திறந்து சீட்டை இறக்கினேன். அவர் பாவாடையை ஒரு பக்கம் சேர்த்துச் செருகினார், காலைத் தூக்கிப் போட்டார், போனார். அவ்வளவுதான். கொழும்பில் அதுவரை ஒரு பொம்பளை சைக்கிள் ஓடி நான் கண்டதில்லை. எங்கள் மலையில் பெண்கள் கூடையோடு நடப்பார்கள், கொழும்பில் பஸ்ஸில் போவார்கள். வரிசையில் நின்ற சாரதிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். ஒரு கிழவர் த்ரீவீலுக்குள்ளிருந்து, "பாத்துப் போ பிள்ளை!" என்று கத்தினார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. நான் பின்னால் ஓடினேன்.

செக்பொயின்டில் அவரை மறித்துவிட்டார்கள். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, ஆமிக்காரன் அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாண முகவரி. அக்கா பொலிஸ் பதிவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மல்லி, மே கவுத?" என்று என்னிடம் கேட்டான். இது யார் என்று.

எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் ஒன்றாக வந்தது. "டெலிபோன் கோல், மாத்தயா. மஹத்தயா ரட்ட. தன் கன்னவா, தன்!" புருஷன் வெளிநாட்டில், இப்போது எடுக்கிறார், இப்போது என்று சொன்னேன். சொல்லும்போதே என் கை பழக்கத்தில் லீவரைத் திறந்து, சீட்டை இழுத்து அவன் முன்னால் நீட்டியது.

அவன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். அட்டையை அக்காவிடம் கொடுத்தான். "யன்ன, யன்ன," என்று போகச் சொன்னான்.

"சீட்டு, அக்கா!" என்று நான் குழாயில் சொருகப் போனேன். அது ஒரு அவசரத்துக்கும் நேராகப் போகாத சாமான்.

"அது உங்களோட இருக்கட்டும்," என்றார் அக்கா. பெடலில் ஏறி நின்றார். நின்றபடியே மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

சீட் இல்லாத சைக்கிளில் ஒரு பொம்பளை நின்றுகொண்டு போகிறார். பின்னால் ஒருவன் சீட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவர்கள் அன்றைக்கு இரவு வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன்.

கடைக்கு வந்தபோது சைக்கிள் வாசலில் விழுந்து கிடந்தது, சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தாத்தா உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினார். பூத்தின் கண்ணாடிக் கதவைக்கூட அக்கா சாத்தவில்லை.

"ஏறாதேங்கோ," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "கேக்குதே? ஏறாதேங்கோ. காணி போனாப் போகட்டும். எனக்குக் காணி வேண்டாம், வீடும் வேண்டாம். திரும்பி வாங்கோ. கோவமில்லை. ஆர் சொன்னது எனக்குக் கோவமெண்டு? ஓடி வந்தனான், அதுதான் மூச்சு வாங்குது. சைக்கிளில. ஓம், சைக்கிளில! நான் அழேல்லை. ஹலோ? நாகேந்திரம்? ஹலோ?"

அவர் கணவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டது. கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார்.

"என்ன சொன்ன?" என்று தாத்தா கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை. கேட்டுக்கொண்டிருந்தார். ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. வெட்டுப்பட்டிட்டுது."

தாத்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது இரண்டு தரம் அடித்தது. ஒன்று லண்டன், ஒன்று பாரிஸ், இரண்டும் வேறு ஆட்களுக்கு. நான் அந்த ஆட்களைக் கூப்பிடப் போக எழும்பியபோதுதான், சீட் இன்னும் என் கக்கத்தில் இருப்பதை அக்கா கண்டார். அவ்வளவு கவலைக்குள்ளும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அழத் தொடங்கினார், தாத்தா அவரை அணைத்துக்கொண்டார். நான் வெளியே போய்ச் சீட்டை மாட்டினேன்.

பின்னேரம் அவரைக் கொண்டுபோய் விட்டேன். நான் சைக்கிளை உருட்டினேன், அவர் பக்கத்தில் நடந்தார்.

"நல்ல சைக்கிள், தம்பி," என்றார். "பாரமில்லை. ஆனா ஒரு கரியர் போட்டிருக்கலாம்."

"போட ஓட்டை இல்லைங்களாம்."

"அப்பிடியும் ஒரு சைக்கிள் செய்வாங்களே?" என்றார்.

மறுநாள் காலை தாத்தா கடையைத் திறந்தபோது அக்கா வந்து வாசலில் நின்றார். பொலிஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தாத்தா அவரை உள்ளே உட்காரவைத்தார். ஒன்பதரைக்கு நாகேந்திரம் எடுத்தார். லொறி போய்விட்டது, தான் ஏறவில்லை என்றார்.